கம்பியில் தொங்கும் பாலமும் டோசர் வெட்டிய சாலையும்

பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திருச்சாளக்கிராமம், நேபாளத்தில் முக்திநாத் என்ற பெயரில் சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களைச் சேவிக்கக் கணக்கு வைத்திருக்கும் பலருக்குக் கடைசிவரை பாக்கி நிற்பது இந்தத் தலம்தான். பணத்தைவிட வழிதான் தடை. போக்ராவிலிருந்து சிறு விமானத்தில் ஏறினால், தவளகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் நடுவே காளிகண்டகிப் பள்ளத்தாக்கில் பறந்து கால்மணி நேரத்துக்குச் சற்று மேலே ஜோம்சோம் போய்விடலாம். ஆனால் முற்பகல் கழிந்ததும் அந்தப் பள்ளத்தாக்கில் ஊதல்காற்று கிளம்பிவிடும்; விமானம் காலையில் மட்டும்தான். மேகம் இறங்கினால் அதுவும் இல்லை. 2022 மே 29 அன்று இதே தடத்தில் தாரா ஏர் விமானம் மலையில் மோதி 22 பேர் இறந்தார்கள். அவர்களில் நால்வர் இந்தியர்கள்.

விமானம் வேண்டாம் என்றால் முன்பெல்லாம் நடைதான். போக்ரா பக்கத்திலிருந்து ஒரு வாரத்துக்குக் குறையாது. 2008 வாக்கில் பேனியிலிருந்து ஜோம்சோமுக்கும் அங்கிருந்து மேலேயும் ஜீப் போகத் தொடங்கியது. இன்று முழங்கால் வலிக்கும் அறுபது வயதுக்காரரும் வண்டியில் கோயிலுக்கு அருகில் இறங்குகிறார். அந்தச் சாலை அவருக்கு வரம். அதே சாலையோரம் விடுதி நடத்திவந்தவருக்கு அது வேறு விஷயம்: அன்னபூர்ணாவைச் சுற்றி நடக்க வந்த வெளிநாட்டவர் பலர் புழுதியும் ஹாரன் ஒலியும் தொடங்கிய இடத்தோடு நடையை முடித்துக்கொண்டார்கள். மார்ஃபாவில் ஆப்பிள் போட்டவருக்கு இன்னொரு விஷயம்: அழுகும் முன்னே கூடை போக்ராச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது.

மலைநாட்டை இணைப்பது என்று பேசும்போது, இந்த மூவரையும் ஒன்றாக நிறுத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது. நேபாளம் அந்தப் பாடத்தை எழுபது ஆண்டுகளாகப் படித்துக்கொண்டிருக்கும் நாடு. சாலை, கயிற்றுவழி, நடைபாலம், ஓடுதளம், சிற்றாற்று மின்சாரம், மரக்கிளையில் கட்டிய ஆன்டெனா என எல்லாவற்றையும் முயன்று பார்த்திருக்கிறது. எது நின்றது, எது சரிந்தது என்று பார்த்தால், பெரிதாகக் கட்டியதா சிறிதாகக் கட்டியதா என்பதைவிட, கட்டியதைப் பிறகு பார்த்துக்கொள்ள யார் இருந்தார்கள் என்பதே விடையைத் தீர்மானித்திருக்கிறது.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தள்ளிவைக்கலாம். இந்த மலைகள் ஒருநாளும் தனித்துக் கிடந்தவை அல்ல. காளிகண்டகி வழியே திபெத்து உப்பு தெற்கே இறங்கியது, தானியம் வடக்கே ஏறியது. நடுவில் துகுச்சே ஊரில் உட்கார்ந்து அந்த வணிகத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் தகாலிகள். வழிநெடுகச் ‘சௌதாரி’கள் இருந்தன: அரசும் ஆலும் நட்டு, சுமைகாரர் தோள் இறக்கும் உயரத்தில் கட்டிய கல்மேடை. நம் ஊர்ச் சுமைதாங்கிக் கல்லின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். அதைப்போலவே இறந்தவர் நினைவாக எழுப்பப்பட்டவையும் அவற்றில் உண்டு. பின்னாளில் அயோடின் கலந்த இந்திய உப்பு மலையேறியது, தகாலிகளின் உப்பு வணிகம் படுத்தது. ஆனால் மலையூர்களில் பரவலாக இருந்த கழுத்துக் கழலையும் அதே உப்பால்தான் குறைந்தது. நட்டமும் நன்மையும் ஒரே மூட்டையில் வருவது இந்தப் பாதையில் புதிதல்ல.

காட்மாண்டுவுக்கே சாலை இல்லாத காலம் ஒன்று இருந்தது. ஆனால் கார் இருந்தது! அன்று நாட்டை ஆண்ட ராணா பிரபுக்களின் கார்களை மூங்கில் சட்டத்தில் கட்டி, பல பத்துச் சுமைகாரர்கள் சந்திராகிரி மலையைத் தாண்டித் தோளில் தூக்கிவந்தார்கள். ஓட்டிப்போக அரண்மனையைச் சுற்றிச் சில மைல் தெரு போதுமாயிருந்தது. 1951-ல் நாடு முழுவதும் இருந்த சாலை 376 கிலோமீட்டர்தான். இந்திய ராணுவப் பொறியாளர்கள் கட்டிய திரிபுவன் ராஜபாதை 1956-ல்தான் தலைநகரைச் சமவெளியோடு சேர்த்தது. இடையில் ஒரு நல்ல யோசனை வந்துபோனது: 1964-ல் அமெரிக்க உதவியோடு ஹெதௌடாவிலிருந்து காட்மாண்டுவுக்கு 42 கிலோமீட்டர் சரக்குக் கயிற்றுவழி. மலையை வெட்டாமல், மழைக்குச் சரியாமல், மின்சாரத்தில் ஓடியது. லாரிகள் பெருகியதும் கவனிப்பாரற்று, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றேபோயிற்று. லாரிக்குச் சங்கம் இருந்தது, கயிற்றுக்கு இல்லை என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

ஆனால் நேபாளத்தின் உண்மையான சாதனை சாலையிலோ கயிற்றுவழியிலோ இல்லை. அது ஆற்றின் குறுக்கே தொங்குகிறது.

ஆறுகள் ஆழமாக அறுத்துவைத்த நாட்டில், கண்ணெதிரே தெரியும் பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் நடக்க வேண்டியிருக்கும். மேலேயோ கீழேயோ எங்கே கடக்க முடியுமோ அங்கே போய்ச் சுற்றி வர வேண்டும். இல்லாவிட்டால் ‘துயின்’: இரு கரைக்கும் நடுவே ஒற்றைக் கம்பி, அதில் ஓர் உருளை, ஒரு சிறு தொட்டில். உட்கார்ந்து கையால் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டே போக வேண்டும். உருளைக்குள் சிக்கி விரல் போனவர்கள் உண்டு. கம்பி அறுந்து ஆற்றோடு போனவர்களும் உண்டு. 2015-ல் பிரதமரான ஓலி துயின்களை இரண்டே ஆண்டில் ஒழிப்பதாக வாக்குக் கொடுத்தார். அவர் சொன்ன கெடுவில் அது முடியவில்லை என்றாலும், பெரும்பாலானவற்றின் இடத்தில் பாலம் வந்துவிட்டது.

1964-ல் அரசு தொங்குபாலத்துக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கியது. 1970-களில் சுவிட்சர்லாந்து கைகொடுத்தது. இன்று நாட்டில் உள்ள நடைபாலங்கள் பத்தாயிரம் அளவுக்கு வந்திருக்கின்றன. எண்ணிக்கையைவிட அவை கட்டப்படும் விதம்தான் கவனிக்கத்தக்கது. பாலம் வேண்டும் என்று ஊர் கேட்க வேண்டும். கேட்ட ஊர் குழு அமைத்து, கல்லும் மணலும் உடலுழைப்பும் தர வேண்டும். இரும்பும் கம்பியும் வெளியிலிருந்து வரும். சாலை முடியும் இடத்தில் இறங்கும் கம்பிச்சுருளை அறுக்க முடியாது. அறுத்தால் பாலம் இல்லை. ஆகவே சுருளைப் பிரித்து, பல பத்துப் பேர் ஒரே வரிசையில் ஆளுக்கொரு வளையமாகத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரே கால்வைப்பில் மலையேறுவார்கள். ஒருவர் நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும். ஊர்வலம் போலத்தான் இருக்கும். தூக்குவது மட்டும் சாமி அல்ல, எஃகு.

அளவும் வேலைக்குத் தக்கபடிதான்: ஆள்நடைக்கு 70 சென்டிமீட்டர் அகலம், சுமையேற்றிய கோவேறு கழுதைகள் போகும் தடத்தில் 106. கோபுரம் இல்லாமல் இரு கரையிலும் கம்பியைப் புதைத்துத் தாழவிடும் வகை மலிவு. கரை தாழ்வாக இல்லாவிட்டால் அதைத்தான் கட்டுகிறார்கள். வேலை முடிந்ததும் செலவுக் கணக்கை ஊர்கூட்டி வாசித்துக்காட்ட வேண்டும். மரையாணியை முறுக்கவும் கரைச் சுவரில் முளைக்கும் செடியைப் பிடுங்கவும் ஒரு பராமரிப்பாளர் இருப்பார். பெரிய பொறியியல் எதுவுமில்லை. கட்டியவரே கடப்பவர், கடப்பவரே காவல்.

இதற்கு நேர்மாறாக நடந்தது டோசர் எனப்படும் புல்டோசரின் கதை.

2015-ல் புதிய அரசியலமைப்பு வந்தது. 2017-ல் 753 உள்ளாட்சிகளுக்குத் தேர்தல் நடந்து, காட்மாண்டுவில் முடங்கிக் கிடந்த பணமும் அதிகாரமும் பெருமளவில் மலையூர்களுக்கு வந்தன. வாக்காளர் ஒரே குரலில் கேட்டது சாலை. வென்றவர் கையில் கிடைத்தது டோசர். அளவை இல்லை, வடிவமைப்பு இல்லை, வடிகால் இல்லை. பள்ளத்தாக்கிலிருந்து வார்டுத் தலைவரின் ஊர்வரை மலையை ஒரே இழுப்பாக வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ச்சரிவில் தள்ளிவிட்டால் சாலை! மக்கள் பிரதிநிதிகள் சிலர் தாமே மண்வெட்டும் இயந்திரம் வைத்து வாடகைக்கு விட்டதைப் பத்திரிகைகள் வெளிக்கொண்டுவந்தன. ‘டோசர் பயங்கரம்’ என்ற சொல் நேபாளப் பேச்சுவழக்கில் ஏறியது அப்படித்தான்.

இமயம் புவியியல் கணக்கில் இளம் மலை. அதன் நடுப்பகுதியில் பல இடங்களில் பாறை என்பது ஏடு ஏடாகப் பிரியும் பலகைக் கல். சரிவின் அடியை வெட்டினால் மேலே இருப்பது பிடிப்பிழக்கிறது. கீழே கொட்டிய மண் முதல் மழையிலேயே சேறாகி வயலில் இறங்குகிறது. வடிகால் இல்லாததால் தண்ணீர் சாலையையே வாய்க்காலாக்கிக் கொள்கிறது. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கம் ஏற்கெனவே இளக்கிவிட்டிருந்த சிந்துபால்சோக் போன்ற மாவட்டங்களில், இப்படி வெட்டிய பாதைகளையொட்டி நிலச்சரிவு கூடியதை ஆய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள். மழைக்காலம் நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் மூடிக்கிடக்கும் பாதைக்கு, அடுத்த ஆண்டு மீண்டும் டோசர், மீண்டும் வாடகை.

டோசரை எதிர்ப்பவர்கள் சாலையை எதிர்ப்பவர்கள் அல்லர். 1980, 90-களிலேயே நேபாளத்தில் ‘பசுஞ்சாலை’ என்றொரு முறை வளர்ந்தது. ஊராரே கையால் வெட்டுவார்கள். முதல் ஆண்டு ஒற்றையடி அளவு, அடுத்த ஆண்டு கொஞ்சம் அகலம். ஒவ்வொரு மழையையும் கடந்து சரிவு தன்னைத்தானே நிலைப்படுத்திக்கொள்ள நாலைந்து ஆண்டு விடுவார்கள். வெட்டிய கல் அங்கேயே தடுப்புச் சுவராகும். ‘அம்ரிசோ’ என்னும் துடைப்பப்புல்லை நட்டால் வேர் மண்ணைப் பிடிக்கும், பூ விளக்குமாறாக விற்கும். குறை ஒன்றே ஒன்றுதான்: ஐந்தாண்டுப் பதவிக்காலத்தில் திறப்புவிழா நடத்த முடியாது.

நன்றாகக் கட்டியவையும் தப்பவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சுவிஸ் உதவியில் 1985-ல் முடிந்த லாமோசாங்கு–ஜிரி சாலை, மலைச்சாலைக்கு முன்மாதிரி என்று பெயர் வாங்கியது; இரண்டே ஆண்டில் சர்னாவதி ஓடை அதன் ஒரு பகுதியைப் பெயர்த்தது. ஜப்பான் உதவியில் 1996 முதல் 2015 வரை பொறுமையாகக் கட்டிய 160 கிலோமீட்டர் பி.பி. நெடுஞ்சாலை, சரிவுக்கு ஏற்ப வளைந்து நெளிந்து போகும் அழகான வேலை. 2024 செப்டம்பர் கடைசியில் பெய்த பேய்மழையில் ரோஷி ஆறு அதில் பெரும் நீளத்தை அரித்துக்கொண்டு போனது. அந்த மழையில் நாடெங்கும் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு இரண்டரை மாதம் முன்பு, ஜூலை 12 அதிகாலை, நாராயண்காட்–முக்லிங் நெடுஞ்சாலையில் சிமல்தால் என்ற இடத்தில் சரிந்த மலை இரண்டு பேருந்துகளைத் திரிசூலி ஆற்றில் தள்ளியது. அறுபதுக்கும் மேற்பட்ட பயணிகளில் மூவர் மட்டும் நீந்திக் கரையேறினார்கள். அது ஊர்ப்பாதை அல்ல, நாட்டின் முதன்மைச் சாலைகளுள் ஒன்று. சிறந்த பொறியாளர் கணித்த மழையும் இப்போது பெய்யும் மழையும் ஒன்றாக இல்லை.

சாலை வந்தால் என்ன வரும் என்ற கேள்விக்குக் கர்ணாலிப் பகுதி ஒரு விசித்திரமான பதில் வைத்திருக்கிறது. அங்கே சாலைக்கு முன்னே விமானம் வந்தது. விமானத்தில் அரிசி வந்தது. பஞ்ச காலத்தில் தொடங்கிய மானிய அரிசி, மாவட்டத் தலைநகரின் அரசு ஊழியர்களுக்கும் அவர்களைப் பார்த்து மற்றவர்களுக்கும் அன்றாடச் சோறாயிற்று. தினை, பனிவரகு, வாற்கோதுமை, பக்வீட் விளைந்த வயல்கள் சுருங்கின. அவற்றைத் தின்பது ஏழ்மையின் அடையாளமானது. தமிழ்நாட்டில் சிறுதானியத்துக்கு நடந்ததை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிறகு ஜும்லாவுக்குச் சாலை வந்து ஆப்பிள் கீழே இறங்கத் தொடங்கியதுதான் அங்கே தராசைக் கொஞ்சம் நிமிர்த்தியது. கைலாய யாத்திரிகர்கள் இறங்கி ஏறும் ஹும்லாவின் சிமிகோட் நெடுங்காலம் சாலையே இல்லாத மாவட்டத் தலைநகராக இருந்தது. எல்லையில் உள்ள ஹில்சாவுக்குச் சாமான் பெரும்பாலும் திபெத்துப் பக்கச் சந்தையிலிருந்தே வந்தது.

எவரெஸ்ட் அடிவாரக் கும்புப் பகுதி இந்த விவாதத்தையே குழப்பிவிடும். 1964-ல் எட்மண்ட் ஹிலாரியின் முயற்சியில் லுக்லா ஓடுதளம் அமைந்தது. மண்ணைக் கெட்டிப்படுத்த ஷெர்பாக்களை அழைத்து ஆடவைத்தார்கள் என்பது பிரபலமான கதை. அதற்கு மேலே இன்றுவரை மோட்டார் சாலை இல்லை. யாக்கும் கழுதையும் மனித முதுகும்தான். ஆனாலும் நேபாள மலைகளில் வசதியான ஊர்கள் எவை என்றால் முதலில் நினைவுக்கு வருபவற்றுள் லுக்லாவுக்கு மேலே உள்ள நாம்சே இருக்கும். உலகமே நடந்து வரக் காத்திருக்கும் ஊருக்கு நடைபாதைதான் மூலதனம். இந்த வழி எல்லா ஊருக்கும் பொருந்தாது. எவரெஸ்ட் ஒன்றுதானே இருக்கிறது.

பிரசவ வலி கண்ட பெண்ணுக்கோ சாலை என்பது தத்துவம் அல்ல. டோகோக் கூடையில் உட்காரவைத்து, நாம்லோப் பட்டையை நெற்றியில் மாட்டி, யாராவது முதுகில் சுமந்து இறங்க வேண்டும். இங்கே நேபாள அரசு செய்த ஒரு காரியம் எளிமையானது, கூர்மையானது. 2005-ல் மருத்துவ நிலையத்தில் பிள்ளை பெற வரும் பெண்ணுக்கு வழிச்செலவுப் பணம் தரத் தொடங்கியபோது, நிலத்தின் உயரத்தைப் பார்த்துத் தொகையைப் பிரித்தது: உயர்மலை மாவட்டத்துக்கு 1,500 ரூபாய், குன்றுப்பகுதிக்கு 1,000, சமவெளிக்கு 500. தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காமல் மூச்சிரைப்பில் அளந்த திட்டம் அது. பின்னர் சிக்கலான பிரசவங்களுக்கு ஹெலிகாப்டர் அனுப்பும் ஏற்பாடும் வந்தது. 1996 ஆய்வில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 539 என்றிருந்த தாய் இறப்பு, 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 151. இதில் சாலைக்கு எவ்வளவு பங்கு, ஊர்தோறும் இருக்கும் பெண் சுகாதாரத் தொண்டர்களுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம். தொண்டர்களுக்கே அதிகம் என்று கருத இடமிருக்கிறது. அவர்கள் 1988 முதல் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

மின்சாரமும் நடைபாலத்தின் வழியில்தான் முதலில் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் கோர்க்கா மாவட்டத்துப் பார்பாக் ஊரில் ஓடையைத் திருப்பி 50 கிலோவாட் எடுத்தார்கள். சாலை எட்டாத ஊரில் விளக்கு எரிந்தது, அரவை ஓடியது. (2015 நிலநடுக்கத்தின் மையம் அதே பார்பாக்கை ஒட்டித்தான் அமைந்தது.) இப்படி ஆயிரக்கணக்கான சிற்றாற்று நிலையங்கள் மலையெங்கும் எழுந்தன. அபாயம் மேலே காத்திருந்தது என்பது முன்பே தெரிந்ததுதான்: 1985 ஆகஸ்ட் 4 அன்று திக் ட்சோ என்னும் பனியேரி உடைந்து, கும்புவில் ஏறக்குறைய கட்டிமுடித்த நீர்மின் நிலையத்தையும் பதினான்கு பாலங்களையும் வாரிக்கொண்டு போனது. 2024 ஆகஸ்டில் அதே பள்ளத்தாக்கில் தாமே ஊரை இன்னொரு பனியேரி வெள்ளம் தாக்கியது.

ஆனால் சிற்றாற்று நிலையங்களை மூடியவற்றுள் வெள்ளத்தைவிட நாட்டு மின்கம்பிக்குப் பங்கு அதிகம். மலிவான மின்சாரம் ஊருக்கு வந்ததும், ஊரார் கல்சுமந்து கட்டிய நிலையம் துருப்பிடித்தது. 2018-ல் நுவாகோட் மாவட்டத்தின் ஸ்யௌரேபூமியில் 23 கிலோவாட் நிலையம் ஒன்றை நாட்டுக் கம்பியோடு இணைத்து, ஊரே அரசுக்கு மின்சாரம் விற்க வழிசெய்தார்கள். சின்ன எண்தான். ஆனால் பெரியது வந்தால் சிறியது சாக வேண்டியதில்லை என்பதற்கு அதுவே போதிய சான்று.

கம்பியில்லா இணைய இணைப்பை மலைக்குக் கொண்டுவந்தது அரசும் அல்ல, பெருநிறுவனமும் அல்ல. மியாக்தி மாவட்டத்து நாங்கி ஊர் ஆசிரியர் மகாவீர் புன், 2000-களின் தொடக்கத்தில், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, மலைமுகட்டு மரங்களில் ஆன்டெனா கட்டி ஊரைப் போக்ராவோடு இணைத்தார். நாங்கியிலிருந்து பக்கத்து ஊர்களுக்கு இணைப்பு தாவியது. காட்மாண்டு மருத்துவரோடு நோயாளி திரையில் பேசினார். 2007-ல் அவருக்கு மகசேசே விருது. இப்போது செல்பேசி கோபுரங்கள் அந்த வேலையின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டுவிட்டன.

இளைஞர்கள் வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்க, வயதானவர்கள் மட்டும் காத்திருக்கும் ஊர்களில் அந்தக் கோபுரம்தான் குடும்பம் என்பதைப் பிடித்துவைத்திருக்கும் கயிறு. 2025 செப்டம்பர் தொடக்கத்தில் அரசு 26 சமூக ஊடகத் தளங்களை முடக்கியது. ஊழல் மீது ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த கோபம் தெருவுக்கு வந்து, சில நாளில் ஆட்சியே கவிழ்ந்தது. அதன்பின் அமைந்த இடைக்கால அரசில் கல்வி அமைச்சராகப் பதவியேற்றவர் அதே மகாவீர் புன்.

காட்மாண்டுவின் மேற்கு வாசலில், ஜப்பான் கடனுதவியோடு நாக்துங்கா சுரங்கப்பாதை 2.7 கிலோமீட்டருக்குக் குடையப்பட்டிருக்கிறது; 2024 ஏப்ரலில் இரு முனைகளும் சந்தித்தன. சமவெளிக்கு விரைவுச்சாலை போடும் வேலை 2017 முதல் ராணுவத்தின் கையில். இவையெல்லாம் தேவைதான். பராமரிப்புக்கென்று 2002-ல் சாலை வாரியம் அமைத்து, எரிபொருளில் ஒரு தொகை பிடிக்கும் வழக்கமும் உண்டு. அந்தப் பணம் நெடுஞ்சாலைகளைச் சுற்றிவரவே போதவில்லை. டோசர் வெட்டிவிட்டுப் போன ஊர்ப்பாதையின் அடைபட்ட ஓடைவாயைத் திறந்துவிட, பாலத்துக்கு இருப்பது போல ஓர் ஆள் கிடையாது.

ஆடி, ஆவணியில் முக்திநாத் போகும் ஜீப், பேனி தாண்டியபின் எங்காவது ஒரு வளைவில் நின்றுவிடுவது வழக்கம். முன்னே மலை இறங்கியிருக்கும். ஓட்டுநர் அலட்டிக்கொள்ளமாட்டார்; சரிவின் அந்தப் பக்கம் வேறொரு ஜீப் நிற்கும், அதில் மாறிக்கொள்ள வேண்டியதுதான். யாத்திரிகர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கி நடப்பார்கள். அவர்களுடைய பெட்டிகளைத் தூக்க, உள்ளூர்க்காரர்கள் சிலர் கையில் நாம்லோப் பட்டையோடு அங்கே தயாராக நிற்பார்கள்.